வெஸ்ட்ரப் துறையின் குடிதண்ணீர்க் குழாய்

க்ளெனிஸ் டிரான்டருக்கு அருவருப்பு அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் வாய் வைத்த கோப்பையைக் கண்டாலே தள்ளி வைத்துவிடுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையுறை வேண்டும். அப்படிப்பட்டவள் வுல்வர்ஹாம்ப்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் வார்டு துடைத்தாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை. அழுக்கைச் சகிக்க முடியாதவள்தானே அதைத் தேடிப்பிடித்துத் துடைப்பாள்? சகித்துக்கொள்கிற ஜனங்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

படகு அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. ஆசை முழுக்க அவள் புருஷன் ராய்ஸ்டனுடையது. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, கால்வாயிலேயே குடியிருக்க, ஐம்பத்தேழு அடி நீளமும் ஏழடிக்குக் குறைவான அகலமும் உள்ள ஓர் இரும்புப் படகை வாங்கினான். பித்தளை விளக்கும், பூப்போட்ட வாளியும், மணிக்கு மூன்று மைல் வேகத்தில் மதகு மதகாகப் போகிற வாழ்க்கையும் என்று ஒரு வருஷமாக அதே பேச்சு. முதல் குளிர்காலம் வந்தது. சுவரெல்லாம் வியர்த்து, மெத்தைக்கு அடியில் கருப்பாகப் பூஞ்சை பூத்தது. இன்ஜினுக்குக் கீழே டீசலும் மழைத்தண்ணீரும் கலந்து குழம்பு போல நின்றது. நாலு நாளைக்கு ஒருதரம் கழிவறையின் பெட்டியை உருவி எடுத்து, கரைப்பாதையில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டவேண்டும். இரண்டாவது தடவையே ராய்ஸ்டன் வழியில் உட்கார்ந்துவிட்டான். பிப்ரவரியில் டெல்ஃபோர்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் என்று சொல்லிப் போனவன் திரும்பி வரவில்லை.

"இங்க வீட்டைச் சூடாக்க ரேடியேட்டர் இருக்கு, க்ளென்," என்றான் போனில்.

"இங்க உன் பீப்பெட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வீடு கைவிட்டுப் போய்விட்டது. படகுதான் மிச்சம். அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள், திட்டிக்கொண்டே. சுவரைத் துடைத்தாள், மெத்தையை எரித்தாள், இன்ஜின் குழியை ஸ்பூனால் வழித்துச் சுத்தம் செய்தாள். ஒரு வருஷத்தில் அந்தப் படகுக்குள் சோப்பு வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை.

கால்வாயில் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அவளுடைய வலது கை. படகின் பின்னடியில் சுழலும் விசிறியில் ஏதாவது சிக்கிக்கொண்டால், இன்ஜினை நிறுத்தி, பின்பக்கம் ஓர் இரும்பு மூடியைத் திருகிக் கழற்றி, குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் சொல்லும். க்ளெனிஸின் விரல் இதுவரை சொன்னவை: கம்பளம், முள்கம்பி, மலத்தோடு ஒரு குழந்தைத் துணி, பெண்பிள்ளை உள்ளாடை, செத்த வாத்து, ஒரு தடவை யாரோ ஒருவருடைய பொய்முடி. பெரிய பெரிய ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அவள் ரொட்டி அறுக்கும் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, "த்தூ, மனுசப் பிறவிங்களா இதுங்க" என்று முனகிக்கொண்டே வேலையை முடிப்பாள். பதிலுக்கு ஒரு மூட்டை நிலக்கரியோ அரை டஜன் முட்டையோ கிடைக்கும். முட்டையை வெந்நீரில் கழுவித்தான் உள்ளே எடுத்துப் போவாள்.

அறுபத்தோராவது வயதில் ஸ்டாஃபர்ட்ஷயரில் வெஸ்ட்ரப் என்ற துறைக்கு வந்து சேர்ந்தாள். மாசக்கணக்கில் நிற்க அனுமதி உண்டு. எட்டுப் படகுகள் வரிசையாக நிற்கும். ஒரு குடிதண்ணீர்க் குழாய். அதிலிருந்து முப்பதடி தள்ளி, ஒரு குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், கழிவுப் பெட்டி கொட்டுகிற இடமும் அதைக் கழுவத் தனியாக ஒரு ரப்பர் குழாயும். பக்கத்துப் படகில் டெஸ்மண்ட் பார்ஜட்டர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எழுபத்திரண்டு வயது. அவருக்கு அடுத்த படகில் வின்னி, பின்னல் வேலை செய்து விற்பவள். சகிக்கக்கூடிய அக்கம்பக்கம்தான். டெஸ்மண்டின் நாய் மட்டும் நாறும்.

மே மாதம் ரூபர்ட் ஹெஸ்கெத் வந்தான். கரும்பச்சை நிறத்தில் புதுப் படகு, முகம் பார்க்கலாம் போலப் பித்தளை. நாற்பது வயதிருக்கும். லண்டனில் ஏதோ வேலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். வந்த முதல் சனிக்கிழமையே கரையில் அடுப்பு மூட்டி ஆட்டுக்கறி சுட்டு எட்டுப் படகுக்காரர்களுக்கும் போட்டான். டெஸ்மண்டின் கூரையில் கோணலாகக் கிடந்த சூரிய மின்தகட்டை நிமிர்த்திக் கொடுத்தான். வின்னியிடம் நாலு தொப்பி வாங்கினான். எல்லாருக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று.

உண்மையைச் சொன்னால் க்ளெனிஸுக்குத்தான் அதிகம் பிடித்தது. அவன் படகுக்குள் ஒருநாள் டீ குடிக்கப் போனாள். தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னான். இந்தக் கால்வாயில் இத்தனை வருஷத்தில் செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் மனுஷன். அவன் கொடுத்த கோப்பையை உள்ளே பார்க்காமலேயே வாயில் வைத்தாள்.

"உங்க படகையும் பாத்தேன் க்ளெனிஸ். இந்தத் துறையில நாம ரெண்டு பேருதான் மனுசங்க மாதிரி இருக்கோம்," என்றான்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

ஜூன் தொடக்கத்தில் டெஸ்மண்ட் படுத்துவிட்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் வின்னி. அடுத்து கடைசிப் படகுத் தம்பதிகள். கிராமத்துக் கடையில் வாங்கிய பன்றிக்கறி அப்பம்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். க்ளெனிஸ் மூக்கில் துணி கட்டிக்கொண்டு டெஸ்மண்டின் படுக்கையைக் கழுவி, அவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரையும் அதே குழாயில்தான் பிடித்தாள். தனக்குக் குடிக்க வைத்திருப்பதை எப்போதும் கொதிக்கவைத்து ஆறவைப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரக் கடைசியில், காலை ஆறு மணிக்கு, கேனை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். ரூபர்ட் அங்கே முதுகு காட்டிக் குனிந்து நின்றான். காலடியில் அவனுடைய கழிவுப் பெட்டி. அதன் வாயைக் குடிதண்ணீர்க் குழாயின் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். தண்ணீர் உள்ளே சுழன்று, பழுப்பாகப் பொங்கி, குழாயின் மூக்கெல்லாம் வழிந்தது. அவன் கையில் நீலக் கையுறை.

க்ளெனிஸின் கேன் கீழே விழுந்தது. அவன் திரும்பினான்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"அலசுறேன். ஒரு நிமிஷம், முடிஞ்சிரும்."

"அதுக்குத்தான் அங்க தனியா ஹோஸ் வச்சிருக்காங்களே!"

"அதப் பாத்திருக்கீங்களா?" அவன் முகம் சுளித்தான். "எத்தனை பேரு கை பட்டதோ. எனக்கு அதத் தொடவே அருவருப்பா இருக்கு. உங்களுக்குப் புரியும்னு நெனைச்சேன்."

அவளுக்குப் புரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த முகச்சுளிப்பு அவளுடையதேதான். தன் வீட்டுத் தரை பளிச்சென்று இருந்தால் போதும், அழுக்கு யார் வாயில் போனால் என்ன என்று அதே சுளிப்பு இன்னொருவன் முகத்தில் நின்றது. அவன் கோப்பையில் டீ குடித்தது நினைவுக்கு வந்தது. வேலியோரம் போய்க் குனிந்து, காலையில் குடித்ததை எல்லாம் வெளியே தள்ளினாள்.

"இதப் பெரிசு பண்ண வேணாமே," என்றான் பின்னாலிருந்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் பெரிசு பண்ணினாள். படகு படகாகப் போய்ச் சொன்னாள். டெஸ்மண்ட் போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்த மனுசன் செருப்போட உள்ள விடமாட்டாரு. அவரு போய் இப்படிச் செய்வாரா?"

"நான் கண்ணால பாத்தேன், டெஸ்."

"உனக்கு எதைப் பாத்தாலும் குமட்டும் க்ளெனிஸ். என் நாயைப் பாத்தாலே குமட்டும்."

"உன் நாய் குழாயில பேளலையே!"

வின்னி அதைவிட மோசம். "காலங்காத்தால கண்ணாடி போட்டிருந்தியா நீ?" என்று கேட்டாள். கால்வாய் ஆபீஸுக்குப் போன் செய்தால், புகாரைக் குறித்துக்கொண்டோம், ஆள் வருவார்கள் என்றார்கள். ஒரு வாரமாயிற்று, யாரும் வரவில்லை. சனிக்கிழமை மறுபடி கறி சுட்ட புகை எழுந்தது. ஏழு படகுக்காரர்களும் போனார்கள். க்ளெனிஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். தினமும் காலையில் ப்ளீச் ஊற்றிக் குழாயின் மூக்கைத் தேய்த்தாள். தனக்கான தண்ணீரை ஒன்றரை மைல் தள்ளி அடுத்த மதகிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் சிரித்ததும் தெரியும்.

அடுத்த புதன்கிழமை மதியம் டெஸ்மண்ட் வந்து அவள் கூரையைத் தட்டினார்.

"ரூபர்ட் படகைத் திருப்பப் போயிருக்காரு. விசிறியில என்னமோ சுத்திக்கிச்சு. குறுக்கால நிக்குது, கயிறு போட்டுப் பின்முனையை மட்டும் கரைக்கு இழுத்தாச்சு. வந்து கொஞ்சம்..."

"அவரு கை என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒத்துக்காதாம்."

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் பின்னால் இரண்டு வாடகைப் படகுகள் குழந்தை குட்டிகளோடு வழி கிடைக்காமல் நின்றன. கத்தியையும் கம்பி வெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். இன்ஜின் சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அவள் வழக்கம். மூடியைத் திருகிக் கழற்றிக் குப்புறப் படுத்தாள். ரூபர்ட் கரையில் மூக்கில் கைக்குட்டையோடு நின்றான்.

பழைய மெத்தை ஒன்று. துணி, பஞ்சு, சுருள் கம்பி எல்லாம் முறுக்கேறிக் கிடந்தது. முக்கால் மணி நேரம் அறுத்தாள். கன்னம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. பஞ்சு ஒவ்வொரு பிடியாக வரும்போதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கடைசிக் கம்பியை வெளியே எறிந்துவிட்டு மூடியை எடுத்துப் பொருத்தினாள்.

திருகு பாதியில் நின்றது. அங்கேதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இப்படியே விட்டால் போதும். பார்க்க மூடியதுபோல இருக்கும். இன்ஜினைப் போட்டதும் விசிறி தண்ணீரை மேலே எத்தும். அரை மணியில் அந்த வெள்ளைத் தரைமேல் முழங்கால் அளவுக்குக் கால்வாய் ஏறிவிடும். இரண்டடி ஆழச் சேற்றில் யாரும் சாகமாட்டார்கள். படகு மட்டும் நாறிப் போகும்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. இன்னொருத்தர் வீட்டுக்குள் நாற்றத்தை அனுப்புகிற யோசனை தன் மண்டைக்குள் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்தது என்று நினைத்ததும், மெத்தைப் பஞ்சைவிட அது அதிகமாகக் குமட்டியது. திருகை முழுக்க இறுக்கினாள். மேலே இன்னும் கால் சுற்று.

எழுந்தபோது தோளிலிருந்து விரல்நுனி வரை கருப்பாக வழிந்தது. ரூபர்ட் ஒரு துண்டை நுனியில் பிடித்து நீட்டினான், அவள் விரல் பட்டுவிடாமல். துண்டை வாங்காமல் நேரே குழாயை நோக்கி நடந்தாள். டெஸ்மண்டும் வின்னியும் வாடகைப் படகுக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் திருகில் கை வைக்கப் போகையில் ரூபர்ட் கத்தினான்.

"ஐயோ, அங்க வேணாம் க்ளெனிஸ்! அது குடிக்கிற தண்ணி!"

க்ளெனிஸ் மெல்லத் திரும்பினாள்.

"அப்போ உனக்குத் தெரியும்."

"என்ன?"

"இது குடிக்கிற தண்ணின்னு. என் கை படக் கூடாது, உன் பீ படலாமா?"

"நான் எப்பவும்..." அவன் சுற்றிலும் பார்த்தான். "ரெண்டு மூணு தடவைதான். வெளியே நல்லா அலசி விட்டேனே."

"ரெண்டு மூணு தடவையா?" என்றார் டெஸ்மண்ட். அவர் குரல் ஒருமாதிரி மெலிந்து வந்தது. கை தானாக வயிற்றைத் தடவியது. "பத்து நாளு படுத்துக் கிடந்தேன்யா நான்."

வின்னி வாயைப் பொத்திக்கொண்டு தன் படகுக்கு ஓடினாள்.

க்ளெனிஸ் சாவியை அவன் காலடியில் போட்டாள். "மூடியைச் சரியாத்தான் மூடியிருக்கேன். கிளம்பு."

அவன் சாயங்காலத்துக்குள் போய்விட்டான். இந்தமுறை டெஸ்மண்ட் போன் செய்து கத்தியதால் ஆபீஸிலிருந்து மறுநாளே ஆள் வந்து, குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டி, தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போனார்கள். ரூபர்ட்டை யாரும் ஒன்றும் செய்யவில்லை. வேறு ஏதோ துறையில் கறி சுட்டுக்கொண்டிருப்பான்.

பத்து நாள் கழிந்திருக்கும். வின்னி யாரிடமோ சொல்வது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது: "என்ன இருந்தாலும் தாராள மனுசன். அந்தக் கறி மாதிரி இனி யாரு போடுவா?" க்ளெனிஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியை வாளியில் போட்டாள். அந்த ஒரு வாக்கியம், கழிவுப் பெட்டியைப் பார்த்த காலையைவிட அவளுக்கு அதிகமாகக் கசந்தது. மறுநாள் கயிற்றை அவிழ்த்தாள்.

கிளம்பும்போது டெஸ்மண்ட் ஒரு கோப்பை டீயோடு கரையில் வந்து நின்றார்.

"நான் உன்னை நம்பியிருக்கணும். தப்புதான் க்ளெனிஸ்."

"ஆமா, தப்புதான்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். அவர் நல்ல மனுஷர், மனம் வருந்தித்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. கோப்பையின் விளிம்பில் நாய் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. முதல் வளைவைத் தாண்டி அவர் கண்ணுக்கு மறையும்வரை கையிலேயே வைத்திருந்து, பிறகு டீயைத் தண்ணீரில் சாய்த்தாள்.