ஃபைலக்காவும் பதினொரு கடிதங்களும்

கட்சி ஃபைல்களெல்லாம் அவளிடம் இருந்ததால் எல்லோருக்கும் அவள் ஃபைலக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆளுங்கட்சியின் தலைமை அலுவலகத்தில், மாடிப்படிக்குக் கீழே கூரை சாய்வாக இறங்கும் சின்ன அறை அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழும்போதெல்லாம் தலை இடிக்கும். நாளடைவில் உடம்பே பழகிக்கொண்டது. வீட்டிலும் நாற்காலியிலிருந்து குனிந்தே எழுவாள்.

"ஆபீஸ் முடிஞ்சு போச்சு, நிமிரு" என்பார் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாளுக்கு இருமுறை நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டும் சிரிப்பு வற்றாத மனுஷன்.

கட்சிப் பொதுக்குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களுடைய விலாசம், தொலைபேசி எண், எந்தக் கூட்டத்துக்கு வந்தார்கள், எதற்கு வரவில்லை என்பதெல்லாம் அவள் பொறுப்பு. சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவருக்கு ஓட்டு கிடையாது என்பது கட்சி விதி. அதனால் வர முடியாதவர்கள் கடிதம் எழுதுவார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை, மகளுக்குப் பிரசவம், வீட்டில் வெள்ளம். ஒவ்வொன்றுக்கும் அவளே பதில் போடுவாள். "கடிதம் கிடைத்தது" என்று எழுதினால் போதும். ஆனால் அவளுக்கு அத்துடன் நிறுத்த மனம் வராது. "காலை மடக்கி உட்காராதீர்கள்" என்று ஒரு வரி சேர்ப்பாள்.

அவளை வேலைக்குச் சேர்த்ததே தலைவர்தான். அப்போது அவர் வெறும் அமைப்பாளர். சட்டைப் பையில் பேனா ஒழுகி நீலக்கறை இருக்கும். பிறகு அமைச்சராகி, அரசாங்கத்துக்கே தலைமை ஏற்றார். அவள் மகளுக்கு நாலு வயதில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது, அமைச்சராக இருந்தவர் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். "குழந்தை கண்ணு முழிக்கட்டும்மா, அப்புறம் போறேன்" என்றார். ஐந்து மணி நேரம் நகரவில்லை. அந்தக் குழந்தை இப்போது நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள்.

அந்தத் தலைவரை எதிர்த்துத்தான் சின்னவர் கிளம்பினார். அவரும் வேற்றாள் இல்லை. தலைவர் கைப்பிடித்து வளர்த்துவிட்டவர், பொதுப்பணி அமைச்சர். அடுத்த தேர்தலுக்கு இந்தத் தலைமை தாங்காது என்று ஒருநாள் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. அலுவலகத்தில் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு மூலையில் டப்பாவைத் திறந்தார்கள். வாசல் காவலாளி அவளிடம் வந்து, "அக்கா, யாரு எந்தப் பக்கம்னு ஒரு லிஸ்ட் குடுங்க. சல்யூட் அடிக்கிறதா வேண்டாமான்னு தெரியாம கை வலிக்குது" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

இருவரில் யார் தலைவர் என்று சனிக்கிழமை பொதுக்குழுவில் ரகசிய வாக்கெடுப்பு என்று முடிவானது. புதன்கிழமை மத்தியானம் தலைவரின் செயலாளர் அவள் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை நீட்டினார். பதினொரு பெயர்கள்.

"இவங்க மூணு கூட்டத்துக்கு வரலை. லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க."

"லெட்டர் போட்டிருக்காங்களே சார்."

"வரலைன்னு சொல்லிடுங்க. தபால்ல தொலைஞ்சிருக்கும். இதுல ஒம்போது பேர் சின்னவர் ஆளுங்க." குரலைத் தணித்தார். "ஐயா உங்களுக்கு என்னெல்லாம் செஞ்சாருன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதே இல்லை. அதுதான் அவளை அறுத்தது. தலைவர் ஜெயிக்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் அவளைவிட அதிகமாக விரும்பியவர் யாரும் இருந்திருக்க முடியாது.

சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"லெட்டர் வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு. நானே பதில் போட்டேன்."

"அப்ப அதை நீ அவருகிட்டயே போய்ச் சொல்லு. நடுவுல இருக்கிறவன்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டுற?"

மறுநாள் காலை ஏழு மணிக்கே வேனில் கொண்டுபோய்த் தலைவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். தலைவர் சவரத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்தார், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு. ஒரு மாதத்தில் ரொம்பத்தான் இளைத்துப் போயிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேரை நீக்கச் சொன்னது அவருக்குத் தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நீ யார் பக்கம்மா?"

"உங்க பக்கம்தான் ஐயா. வேற எங்க போவேன்?" கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "ஆனா இதை வரலைன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். எழுதியவர் தூரத்து ஊர் ஜவுளிக்கடைக்காரர். ஆரம்ப காலத்தில் தலைவரோடு சேர்ந்து சிறை சென்றவர், இப்போது வெளிப்படையாகவே சின்னவர் பக்கம். 'என் மனைவிக்கு இனி நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கையை விட்டால் பயப்படுகிறாள். அதனால் கூட்டத்துக்கு வர இயலவில்லை. மன்னிக்கவும்.'

"போயிட்டாளா?" என்று கேட்டார் தலைவர்.

"எட்டு மாசம் ஆச்சு ஐயா. லெட்டர் வந்தப்பவே உங்க ரூமுக்கு ஒரு காப்பி அனுப்பினேன்."

"என்கிட்ட யாரும் காட்டலையே." நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ கையால எத்தனை வேளை சாப்பிட்டிருக்கேன். ஒரு போன்கூடப் பண்ணாம இருந்திருக்கேனே. அவன் ஏன் என்னை விட்டுப் போனான்னு இப்பத்தான் புரியுது."

தாளைத் திரும்ப முதலிலிருந்து படித்தார். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"பேரெல்லாம் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அவன் நம்பரைக் குடுத்துட்டுப் போ."

சனிக்கிழமை இருநூற்று ஒன்பது ஓட்டு சின்னவருக்கு, இருநூற்று மூன்று தலைவருக்கு. செயலாளர் படியிறங்கி வந்து அவள் அறை வாசலில் நின்றார். "ஒம்போதைக் கழிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் இருநூறு. நம்ம பக்கம் ரெண்டு போனாலும் இருநூத்தி ஒண்ணு. ஜெயிச்சிருப்போம். நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். ஜவுளிக்கடைக்காரர் யாருக்குப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அவளும் கேட்கவில்லை.

ஜெயித்தவர்களுக்கு அவள் செய்தது எதுவும் தெரியாது. 'பழைய ஐயாவோட ஆள்' என்று சொல்லி, பதினைந்து நாளில் அவளைப் பின்கட்டில் பழைய துண்டுப்பிரசுரங்கள் அடுக்கியிருந்த அறைக்கு மாற்றினார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தா மாடியில ரூம் குடுத்திருப்பாங்களே" என்றாள் மகள். "சொன்னா ஐயாவுக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்டி" என்று பேச்சை முடித்துவிட்டாள் ஃபைலக்கா. நாலு வருடம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றாள்.

அதற்கடுத்த வருடம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் இருமினார். அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

"ஐயாவா?"

"யாரு, ஃபைலா? நீயுமா குருடாயிட்ட?"

இருவரும் சிரித்தார்கள். கண்ணைத் திறக்காமலே பேசினார்கள். மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். ஜவுளிக்கடைக்காரர் மாதம் ஒருமுறை வந்து தங்குவதாகவும் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதாகவும் அவர் சொன்னார். ஒரு மணி நேரம் போயிருக்கும். அத்தனை நாள் மனதில் வைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"என்மேல கோபமா ஐயா?"

"இருந்துச்சு. ஆறு மாசம் நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கே போரடிச்சுப் போச்சு" என்றார். "அன்னிக்கு நீ வராம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன். ஆனா அவன்கிட்ட போன்ல பேசியிருக்க மாட்டேன்."

நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டார். எழுந்தவர் தடுமாறினார். ஃபைலக்கா கையைத் துழாவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"பாத்து நடம்மா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து விழப்போறோம்" என்றார்.

"விழ மாட்டோம், வாங்க" என்று சொல்லி, டாக்டர் அறை வரை மெதுவாக நடத்திக் கூட்டிப்போனாள்.