அப்பாவின் வாய்வும் அண்ணனின் கொழுப்பும்

நோர்வேயில் காலைச் சாப்பாட்டு மேசையில் மீன் எண்ணெய்ப் போத்தல் ஒன்று நிற்கும். 'த்ரான்' என்பார்கள். குளிர்காலத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு கரண்டி விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போவார்கள். வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய நான், பிறகு கொழுப்பை ஆராய்கிற கூடமொன்றிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். கொழுப்பு இரத்தத்தில் தனியே ஓடாது. புரதத்தோடு சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக ஓடும். லிப்போபுரோட்டீன் என்பது அந்த உருண்டைகளைத்தான்.

ஒருநாள் புதிய இயந்திரத்தைச் சரிபார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தம் தேவைப்பட்டது. நான் கையை நீட்டினேன். முடிவைப் பார்த்த சக ஊழியை இங்கிரிட்டின் முகம் மாறியது. கொலஸ்ட்ரோல் அவ்வளவு கூடியிருந்தது.

"உங்கள் வீட்டில் யாருக்காவது இதயநோய் இருந்ததா?"

"இல்லை."

"அப்பா எதனால் இறந்தார்?"

இலங்கையில் எங்கள் ஊரான கடுகண்ணாவையில் மரக்காலையொன்றில் பலகை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாய்வு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாய்வுக்கு நோர்வே மொழியில் சொல் தெரியாமல் "காற்றால்" என்றேன்.

அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். "புயலிலா?"

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள், அது வாய்வல்ல, மாரடைப்பு என்று எனக்கே புரிந்துவிட்டது. அப்பாவின் குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்துப் புடைத்திருக்கும். செருப்பு உரசுகிறது என்று பின்வாரை வெட்டிவிட்டுத்தான் போடுவார். கொழுப்பு படிந்த தடிப்பு அது. இரத்தத்திலிருந்து அந்த உருண்டைகளை ஈரல் சரியாக இழுத்துக்கொள்ளாத பரம்பரைக் கோளாறு, மெலிந்தவர்களையும் விடாது.

பிலிமத்தலாவையில் டயர்க்கடை வைத்திருக்கும் அண்ணனை வீடியோவில் அழைத்தேன்.

"அண்ணே, ஒங்களுக்குக் கொழுப்பு கூடியிருக்கும்னு நெனக்கிறேன்."

"எனக்கா கொழுப்பு? வெளிநாட்டுக்குப் போனதும் அண்ணனையே பேசுற அளவுக்கு வந்துட்டியா?"

பின்னால் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரத்தத்துல இருக்கிறதச் சொல்றேண்ணே. அண்ணி, ஃபோன அவர் குதிகால்கிட்டப் புடிங்க."

பிடித்தார். திரையில் தெரிந்தது அப்பாவின் கால். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணனின் குரல் இறங்கியது. "அழாதடி. நாளைக்கே போய்ப் பாக்குறேன்."

அவருக்கும் அதே கோளாறுதான். அவர் மகள் மலருக்கும். மூவரும் மாத்திரை எடுக்கத் தொடங்கினோம். விடுமுறையில் ஊருக்கு வந்து அவரைக் கண்டியில் இதய வைத்தியரிடம் கூட்டிப்போனேன். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் வைத்தியர். திரும்பும் பஸ்ஸில் அண்ணன் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகவே சொன்னார்: "எங்கப்பா விட்டுட்டுப் போன சொத்துங்க. எனக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி."

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, வாய்வு என்று சொல்லி ஆட்களை அனுப்பிவைத்த வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. ஒருமுறை இரத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் பிடிக்க நான் கிளம்பிய அன்று, ரயிலில் போகும் திசைக்கு முதுகு காட்டிய இருக்கையில் அமர்ந்தேன். "தலை சுத்தும், இந்தப் பக்கம் வாங்க" என்றார் எதிரில் இருந்த ஓர் அம்மா. "பரவாயில்லைங்க" என்றேன். ரயில் என்னைக் கொழும்புக்கு இறக்கிக்கொண்டு போனது; என் கண்ணெதிரே கடுகண்ணாவை மலை மட்டும் வளைவுக்கு வளைவு மறைந்து, மறுபடி வந்துகொண்டிருந்தது.