சின்ன வயதில் கஷ்டப்பட்டானாம்

இன்று காலை பால் காய்வதற்குள் முதல் வேலையாக, நேற்று விட்ட கொரியத் தொடரின் கடைசிக் காட்சிகளைப் பார்த்து முடித்தேன். நாயகன் நாயகியின் போனைப் பிடுங்குகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான். பிறகு மழையில் நின்று தன் சிறுவயதுத் துயரத்தைச் சொல்லி அழுகிறான். அவள் அணைத்ததும் அவன் மனநோய் தீர்ந்துவிடுகிறது. நானும் அழுதேன்.

ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“மறுபடியும் போட்டோ கேக்குறான்டி, பக்கத்துல யாருன்னு.”

“அனுப்பிடு. இல்லன்னா நேத்து மாதிரி கையத் திருகப் போறான்.”

“பாவம்டி, அப்புறம் அவனே அழுதான். சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்டிருக்கான். நாந்தான் அவன சரி பண்ணணும்.”

“அப்படியே கொரியன் ஹீரோ. குடுத்து வச்சவ நீ.”

முதலில் பேசியவளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவன சரி பண்ண டாக்டர் இருக்காங்கம்மா. அது உன் வேல இல்ல,” என்றேன்.

“ஆண்ட்டி, நீங்க கே-டிராமா பாத்ததில்ல போல,” என்று சிரித்தாள்.

பார்த்திருக்கிறேனே. மழையும் இசையும் சேர்த்தால் கையைத் திருகுவதும் காதலாகிவிடுமா? ஆனால் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எவ்ளோ ஆசையா இழுக்குறான் பாரு” என்று சொன்னவளும் நான்தான்.

மகளின் அப்பாவும் அடித்துவிட்டு அழுகிறவர்தான். அவரைச் சரி பண்ண ஆறு வருஷம் முயன்று, பிறகுதான் வெளியே வந்தேன். மகளிடம் “ஒத்துவரல” என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று மாலை அவளிடம் முழுவதையும் சொல்லப்போகிறேன். சொல்லப்போவது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஃபேஸ்புக் கிழவிகளின் இடம் என்று அவள் இந்தப் பக்கமே வருவதில்லை.

கிழவிகளே, எங்கிருந்து ஆரம்பிப்பது?