தறிக்கு மேலே ஒரு டோர்ச் பல்ப்

எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கையின் கிழக்கே கல்முனைக்கு அடுத்த ஊரில், பெண்கள் பாடசாலையொன்றில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தோம். விஞ்ஞானத்தில் எனக்குத்தான் எப்போதும் கூடுதல் புள்ளி. பக்கத்தில் இருந்த என் கூட்டாளி நடுத்தரம்தான். ஆனால் எனக்கு மின்சுற்றைக் கொப்பியில் கீறத்தான் தெரியும். அவள் அதைச் செய்து எரிய வைத்தாள்.

அவளுடைய உம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போயிருந்தது. பகலில் தனியாக இருக்கும்போது வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுப் பின்னறையில் தறி நெய்வார். ஒருநாள் அவருடைய தங்கச்சி அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்து, வெயிலில் நின்று கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்டு உம்மா அழுததை இவள் பார்த்திருக்கிறாள்.

அடுத்த கிழமையே வேலையைத் தொடங்கினாள். பால்மா டின்னை வெட்டி இரண்டு தகடு எடுத்தாள். வாசலில் அவற்றை அமத்தினால் ஒன்றோடொன்று தொட்டு, தறிக்கு மேலே கட்டிய டோர்ச் பல்ப் எரிய வேண்டும். எரிந்துபோன மோட்டரொன்றிலிருந்து கழற்றிய மெல்லிய கம்பிதான் வயர். அதன் நுனிகளில் இருந்த பூச்சை நாங்கள் இருவரும் பிளேட்டால் சுரண்டினோம்.

வாசலில் நான் அமத்தினேன். உள்ளேயிருந்து அவளுடைய சத்தம் வந்தது.

"பத்தல்ல புள்ள! மங்கலா இரிக்கி!"

பற்றறி பழசு என்றேன் நான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பல்பைப் பற்றறியிலேயே நேராகத் தொடவைத்துப் பார்த்தாள், நன்றாக எரிந்தது.

"கம்பிதான் புள்ள பிழை. ஒழுங்கையில ஒராள்தான் போகலாம். றோட்டெண்டா நாலு பேர் சேந்து போகலாமெலுவா?"

நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கிப் போட்டாள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. தடிப்புக் கூடினால் தடை குறையும் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

பாடசாலைக் கண்காட்சியில் அவள் இதைத்தான் வைத்தாள். வெளியூரிலிருந்து வந்த நடுவர் குனிந்து பார்த்தார்.

"இத ஆர் செஞ்சு தந்த? காக்காவா?" அண்ணன் யாரோ செய்திருப்பான் என்று நினைத்துவிட்டார்.

"எனக்குக் காக்கா இல்ல சேர்."

"அப்ப வாப்பாவா?"

அவள் மேசையில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினாள். கம்பி முறுக்கைக்கூடப் பிரித்தாள். "என்ன புள்ள செய்றாய்?" என்று கையைப் பிடித்தேன்.

"உட்றி. சேர் நிண்டு பாக்கட்டும்."

கூட்டம் கூடிவிட்டது. அவள் ஆறுதலாக, அவசரமேயில்லாமல் கம்பியை முறுக்கினாள், தகடுகளை எதிரெதிராக வைத்தாள், பற்றறியைத் திரும்பவும் போட்டாள். நடுவர் அசையாமல் நின்று பார்த்தார். பல்ப் எரிந்ததும், "நான் கேட்டது பிழை, மகள்" என்றார் எல்லோருக்கும் கேட்க.

முதற்பரிசு வேறொருத்திக்குப் போனது, எரிமலை செய்தவளுக்கு. இவளுக்கு இரண்டாவது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளோ அடுத்த விடுமுறையில் பக்கத்து வீட்டுக்கும் ஒன்று செய்யவேண்டுமென்று கம்பிக்கு அலைந்துகொண்டிருந்தாள். அங்கே படுக்கையில் கிடந்த ஒரு மனுசி, தண்ணீர் வேண்டுமென்றால் சத்தம் போட்டுக் கூப்பிட முடியாமல் இருந்தார்.