குடும்பத் தலைவர்களே, வாருங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "இந்தச் சரக்கு போகலைன்னா கடைய மூடிட்டு ஊருக்குப் போறேன். நீயும் வேற வேல பாத்துக்கம்மா."

மலேசியாவில், கோல சிலாங்கூரில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் அவர். வேற வேலையாம்! எஸ்டேட்டில் அம்மாவோடு விடியுமுன் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை? அதிலிருந்து தப்பிக்கத்தானே அவர் கடையில் துணி மடிக்க வந்தேன்.

அப்போது எங்களுக்கு விளம்பரம் என்றால் ஒலிபெருக்கி கட்டிய வேன்தான். மைக்கில் பேசுவது நான். 'குடும்பத் தலைவர்களே, குடும்பத்தோடு வாருங்கள்!' என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அசாம் ஜாவா பக்கத்து எஸ்டேட் லயங்களில், வரிசை வீடுகளுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினேன். தலைவர்கள் வாசலில் குந்திக் கேட்டார்கள். "கொரலு நல்லாருக்கு லா, ஒரு பாட்டுப் பாடேன்" என்றார் ஒருவர். கடைக்கு ஈ காக்கைகூட வரவில்லை.

லயத்தில் யார் துணி எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? பெண்பிள்ளைகள் பாதிப்பேர் பாக்டரி பஸ் ஏறிவிட்டார்கள். அரிசியிலிருந்து ரேடியோ வரை அவர்கள் சம்பளம். ஆனால் தீபாவளிக் காலையில் மஞ்சள் தடவிய புதுத்துணியை அப்பா கையால் வாங்கித்தான் கட்டுவார்கள். அதனால் பணத்தை முன்பே அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள். அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பாக்டரிப் பெண்களைக் கூப்பிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். மறுநாளே புதிதாக எழுதித் தந்தார்: 'பாக்டரிக்குப் போகும் தங்கைகளே, உங்கள் சம்பளத்தில் குடும்பத்துக்கே துணி எடுங்கள்!'

ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் பாடச் சொன்ன அதே லயத்தில் இரண்டாம் தடவை அதை வாசிக்கும்போது ஒருவர் வேனை மறித்தார். பின்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"எம் மவ சம்பளத்துல நான் வேட்டி கட்டுறேன்னு மைக்கு போட்டுச் சொல்றியா? நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

"வாயத் தொறக்காத" என்றார் வேன் ஓட்டுகிற அண்ணன். என் வாய் எப்போது சொன்னபேச்சு கேட்டது?

"உள்ளதத்தானண்ணே சொன்னேன்!"

அவ்வளவுதான். மறித்தவர் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். வேன் மேல் தட் தட்டென்று அடி விழுந்தது. அண்ணன் பின்பக்கமாகவே ஓட்டித் தப்பித்தார். எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. பொய்யா சொன்னேன்? முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சிச்சி போ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பாக்டரி உடுப்போடு ஒருத்தி கடைக்குள் வந்தாள். வேனை மறித்தவரின் மகள்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களாக்கா? எங்கப்பா நேத்து சோறே திங்கல." திட்டி முடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மைக்குல அப்பாங்களயே கூப்புடுங்க. எங்களுக்கு பஸ்ல நோட்டீஸ் குடுங்க, போதும்."

அப்படியே செய்தோம். லயத்தில் குடும்பத் தலைவர்களைக் கூவிக் கூவி அழைத்தேன். பஸ்ஸில் நோட்டீஸ் கைமாறியது. அந்தச் சனிக்கிழமை பெண்கள் கூட்டமாக வந்து பார்த்து, தொட்டு, "இத எடுத்து வைங்கக்கா, அப்பா வந்து வாங்குவாரு" என்று சொல்லிப் போனார்கள். அப்பாக்கள் ஒருவர்கூட வராமல் போய்விட்டால்? அடுத்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

வந்தார்கள். ஒயரைப் பிடுங்கியவரும் மகளோடு வந்தார். எடுத்து வைத்திருந்த துணிகளுக்கு நெஞ்சு நிமிர்த்திக் காசு நீட்டினார்.

"பாத்தியா, மரியாதயாக் கூப்ட்டா வரமாட்டமா? எங்குடும்பத்துக்கு நாந்தான் எடுப்பேன்."

நாக்கு துறுதுறுத்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாண்ணே, நீங்க இல்லாம இந்தக் கட ஏது?" என்றேன். சொல்லும்போதே எரிச்சலாக இருந்தது.

அவள் கண்ணாடி வளையல் பக்கம் நகர்ந்ததும் அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு சேல எடும்மா. அவளுக்குப் புடிச்ச கலரா. இது எங்காசு. ராப்பகலா நின்னே வேல செய்யிற புள்ள."

சனிக்கிழமை அவள் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போன மாம்பழ மஞ்சளில் ஒன்றை உருவிக் கொடுத்தேன். கடைசி அலமாரியும் காலியாகிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டும்போது முதலாளி, "தீவாளி முடிஞ்சதும் வந்துரும்மா" என்றார்.