புளி போட்டுத் துலக்கிய ராஜா

போன மாதம் ஒரு ராஜாவைப் புளி போட்டுத் துலக்கிவிட்டேன்.

நிஜ ராஜா இல்லை, வெண்கல ராஜா. தலையில் கிரீடம், கையில் கோடரி, குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஒரு முழ உயரம்தான். ஆனால் தூக்கினால் நிறைகுடத்தின் கனம். எங்கள் பக்கத்து வீட்டு மோய்ராவின் முன்னறையில், ஜன்னலோரப் பலகையில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தவர்.

மோய்ரா ஸ்காட்லாந்துக்காரி. என் வயதுதான் இருக்கும். கல்யாணமான புதிதில் கணவரோடு கப்பலேறி, உலகத்தின் மறுகோடியிலிருக்கிற இந்தக் கடலோர ஒனிஹங்காவுக்கு வந்தவள். கணவர் விரி என்கிற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் தவறிப்போனார். அதற்குப் பிறகுதான் நானும் அவளும் சிநேகம்.

எங்கள் சிநேகத்துக்கு மொழி கிடையாது. என் இங்கிலீஷ் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அதையும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அவள் இங்கிலீஷோ... ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற என் மகள் செல்விக்கே பாதிதான் புரியும். அதனால் நாங்கள் பேசுவதில்லை. டீ குடிப்போம். மனுக்காவ் கடல் வற்றுவதையும் நிறைவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு பேர் உட்கார்ந்தால் பேசித்தான் ஆக வேண்டுமா என்ன?

ராஜாவின் கதையைச் செல்விதான் ஒருநாள் கேட்டுச் சொன்னாள். பல நூறு வருஷத்துக்கு முன் ஸ்காட்லாந்தை ஆண்ட ராபர்ட் என்கிற ராஜாவாம். தன் படையைவிடப் பெரிய படையை ஒரு புல்வெளியில் எதிர்த்து நின்று ஜெயித்தாராம். அந்த இடத்தில் இப்போது உயரமான பீடத்தின் மேல், குதிரையோடு, வெண்கலத்தில் நிற்கிறார். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் மோய்ராவும் கணவரும் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். நல்ல மழையாம். பீடத்தை ஒட்டி ஒதுங்கியும் தொப்பலாக நனைந்தார்களாம். இனி இதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறோம் என்று மோய்ரா அழுதிருக்கிறாள். கணவர் நேரே கடைக்குப் போய், அதே மாதிரி ஒரு சின்ன ராஜாவை வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்துவிட்டாராம்.

போன மாதம் மோய்ராவுக்கு முழங்கால் ஆபரேஷன். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தபாலை எடுத்து வைப்பது, திரையை விலக்கிக் கொஞ்சம் வெயில் விடுவது... அவ்வளவுதான் என் வேலை.

ஆனால் நம் கை சும்மா இருக்குமா?

அவள் திரும்பி வருகிற நாள் நெருங்கியது. ஆள் வீடு திரும்புகிற நாளில் விளக்கு, சொம்பு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? மோய்ரா வீட்டில் விளக்கும் இல்லை, சொம்பும் இல்லை. ராஜாதான் இருந்தார். அதுவும் எப்படி? கறுத்துப்போய். குதிரையின் பிடரி இடுக்கெல்லாம் பச்சையாகக் களிம்பு. வெண்கலத்தில் களிம்பு ஏறினால் நாம் விட்டுவைப்போமா? வெண்கலப் பானையோடு குடும்பம் நடத்தியவள் நான்.

குதிரையின் மூக்கு மட்டும் லேசாகப் பொன்னிறமாக இருந்தது. பாவம், மோய்ரா துலக்க ஆரம்பித்து, கால்வலியில் மூக்கோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

புளியும் கல்லுப்பும் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். தேங்காய் நாரை நான் எறிவதில்லை, அதுவும் இருந்தது. மோய்ராவின் கிச்சனில் ராஜாவை உட்காரவைத்து, முதுகு, கோடரி, கவசம், குதிரையின் வால் வரைக்கும் தேய்த்தேன். கறுப்பு கரைந்து கரைந்து ஓடியது. உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு நிறம்... புதுத் தாலி நிறம்!

துடைத்து மடியில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. கண் எப்போது சொருகியதோ தெரியாது.

ராஜா மடியிலிருந்து இறங்கிப்போகிறார். குதிரை ஜன்னல் கண்ணாடியில் ஊதுகிறது, கண்ணாடியில் பனி படிகிறது. பிறகு நாங்கள் வெளியில் இருக்கிறோம். கடல் வற்றிய சேற்றில் குதிரை சத்தமில்லாமல் நடக்கிறது. குளம்பு பட்ட இடமெல்லாம் பொன்னாக மினுங்குகிறது. ராஜா திரும்பி என்னிடம் ஏதோ வழி கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை, வழக்கம்போலக் கூச்சம். அப்புறம்தான் தோன்றுகிறது: அந்தக் காலத்து ராஜாவுக்கு இந்தக் காலத்து இங்கிலீஷ் எங்கே தெரியப்போகிறது? இவரும் நம்மைப் போலத்தான். அந்த நினைப்பே பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியோடு எழுந்தவள்தான்.

மறுநாள் செல்வி மோய்ராவைக் காரில் கூட்டிவந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தவள் ஜன்னலைப் பார்த்தாள். ராஜா ஜொலித்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு.

மோய்ரா கிட்டே போனாள். ஒரு விரலைக் குதிரையின் மூக்குவரைக்கும் கொண்டுபோனாள்... தொடவில்லை. விரல் அப்படியே நின்றது. பிறகு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் 'தேங்க் யூ' என்றாள். செல்வியிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னாள்.

வாசலுக்கு வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அது அழுக்கு இல்லம்மா. அதோட கலரே அதுதான்."

"அப்போ மூக்கு?"

"அங்கிள் தினமும் வேலைக்குப் போறப்போ மூக்கைத் தடவிட்டுத்தான் போவாராம். அத்தனை வருஷமும். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்பவும். அவர் விரல் பட்டுப் பட்டு வந்த நிறம்மா அது."

அதற்குப் பிறகு மோய்ரா அந்த மூக்கைத் தொட்டதே இல்லையாம். தூசி தட்டினாலும் மூக்கை விட்டுவிட்டுத்தான் தட்டுவாளாம். இந்த இரண்டு வருஷத்தில் அது மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் இருந்தது. இப்போது குதிரை முழுக்க மூக்கு நிறம். அவர் கை பட்ட இடம் எது என்று இனி யார் சொல்ல முடியும்?

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போய் என்ன சொல்வது? தமிழிலேயே எனக்கு வார்த்தை இல்லை. கிச்சன் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அவள் வீட்டுத் திரை மூடியே கிடக்கும். நடந்தால்தான் கால் மடங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்று செல்வி கவலைப்பட்டாள். அதுவும் என்னால்தானோ? எனக்கு அவளை விட்டால் தினமும் சேர்ந்து டீ குடிக்க ஆளில்லை. அவளுக்கும்தான்.

மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து யோகம் அக்கா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்குக் கோயிலில் பழக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார்.

"உமக்கு மினுக்கிறதுக்கு வேற சாமான் கிடைக்கேல்லையோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இஞ்ச ஒளிஞ்சிருந்தா அவவுக்கு என்ன தெரியும்? பயத்தில இருக்கிறீர் எண்டு தெரியுமோ, கோவத்தில இருக்கிறீர் எண்டு நினைப்பாவோ? போய் முகத்தைக் காட்டும். கதைக்கத் தெரியாட்டிப் பரவாயில்லை."

அக்கா போன பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டிவிட்டு, ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளேயிருந்து வாக்கர் தரையில் உரசுகிற சத்தம் மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. அவ்வளவு தூரம் நடந்து வருகிறவளை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

கதவு திறந்தது. மோய்ரா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாரி" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"ஆங்க்ரி" என்றாள் அவள், தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி. எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாக, வழக்கம்போல 'ர'வை உருட்டாமல் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, "ஸ்டில் ஆங்க்ரி. லிட்டில்" என்றாள். அப்புறம், "டீ?"

டீ குடித்தோம். ராஜா ஜன்னலில் ஜொலித்துக்கொண்டிருந்தார்; பார்க்க எனக்கே கண் கூசியது. குடித்து முடித்ததும் மோய்ரா ராஜாவைக் காட்டி, வெளியே வராந்தாவைக் காட்டினாள். தூக்கச் சொல்கிறாள் என்று புரிந்தது. தூக்கிக்கொண்டு போனேன். கூரை முடிகிற இடத்தில், சாரல் அடிக்கிற மூலையில், மரப்பெட்டி ஒன்றின் மேல் வைக்கச் சொன்னாள். மேகத்தைக் காட்டினாள். கடலைக் காட்டினாள். தன் பழுப்பு நிறச் சட்டையைக் காட்டினாள்.

ஊரில் நிற்கிற பெரிய ராஜா மழையிலும் காற்றிலும் நின்றுதானே அந்த நிறத்துக்கு வந்தார்? இவரும் நிற்கட்டும். ஒனிஹங்காவில் மழைக்கா பஞ்சம்? உப்புக்காற்று வேறு.

பிறகு மோய்ரா ஒரு காரியம் செய்தாள். விரலை நீட்டிக் குதிரையின் மூக்கைத் தடவினாள். இரண்டு வருஷமாகத் தொடாத மூக்கு. தன் கை பட்டால் அவர் கை பட்டது அழிந்துவிடும் என்று பயந்திருந்தவள்... இனி அழிவதற்கு என்ன இருக்கிறது? தடவிக்கொண்டே இருந்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது தினமும் காலையில் என் கிச்சன் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். பனி விலகுகிற நேரத்தில் அந்த வீட்டுக் கதவு திறக்கும். மோய்ரா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வராந்தாவின் மூலைவரைக்கும் நடந்து வருவாள். மூக்கைத் தடவிவிட்டுத் திரும்புவாள். இந்த வாரம் வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது. ராஜாவின் தோளில் கறுப்பு படியத் தொடங்கிவிட்டது. பிடரியில் இன்னும் இல்லை. சில காலைகளில், பனிக்குள் குதிரை ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி எனக்குத் தோன்றும்... தூக்கக் கலக்கமாகத்தான் இருக்கும்.

கெடுத்தது நான். சரிசெய்வது மழை. எனக்கு விட்டிருக்கிற வேலை, கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. அது எவ்வளவு கஷ்டம் என்று, பாத்திரம் தேய்த்தே வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நேற்று நல்ல மழை. தபால் கொண்டுவருகிற பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டுச் சிலை மழையில் நனைகிறது, யாரோ மறந்து வெளியில் வைத்துவிட்டார்கள்போல என்று கையைக் காட்டிச் சொன்னாள். எனக்கு எல்லாம் புரிந்தது. செல்வியைக் கூப்பிடவில்லை.

"ஐ நோ" என்றேன்.

நல்லா நனையட்டும் என்பதை மட்டும் தமிழில் சேர்த்துக்கொண்டேன்.