மரவள்ளி இலை என்று எழுதினேன்

பச்சைப் பூஞ்சணம் பூத்த அந்தத் தேங்காய்ப் புண்ணாக்குக் கட்டியை நான் சாக்குத் துண்டால் துடைத்தேன். பச்சை போயிற்று. மணம் போகவில்லை.

யுத்த காலம் அது. மாட்டு வைத்தியப் பகுதியில் சிறிய உத்தியோகம் எனக்கு. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் புண்ணாக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, உப்புச் சேர்த்து ஊறவைக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். வாவிக்கு அக்கரையில், வவுணதீவில் நான் அக்கா என்று அழைத்த ஒரு விதவை இருந்தார். அவருடைய ஒரே பசு வைக்கோலைத் தின்று ஒன்றரைப் போத்தல் பால் தந்துகொண்டிருந்தது. முதல் சாக்கு முடியுமுன் மூன்று போத்தலானது. "ஐயாட கைராசி" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமைதான்.

இரண்டாவது சாக்கு தோணியில் வாவியைக் கடக்கையில் மழையில் நனைந்தது. மூடுவதற்குப் படங்கு எடுத்துப்போக மறந்தவன் நான். காயவைக்காமல் களஞ்சியத்தின் மூலையில் இரண்டு வாரம் போட்டுவைத்தவனும் நான்தான். திருப்பி அனுப்பினால் காரணம் சொல்லவேண்டும். அதனால்தான் துடைத்தேன்.

அக்கா ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். "மக்கின மணம் வருகுதே ஐயா."

"உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க. ஒண்டும் செய்யாது."

அவர் என்னை நம்பினார். சில நாட்களில் பசு தீன் எடுக்க மறுத்தது, பால் வற்றியது. ஆள் வந்து கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கண் மஞ்சளித்துக் கிடந்தது. மத்தியானத்துக்குள் செத்துவிட்டது.

"என்னத்தால ஐயா?"

தொட்டியருகே வாடிய மரவள்ளி இலை கொஞ்சம் கிடந்தது. மாடு ஒன்றும் தின்னவில்லையே என்ற இரக்கத்தில் பக்கத்து வளவிலிருந்த அவருடைய மச்சாள் அன்று காலையில் ஒடித்துப் போட்டது. பசு அதைக் கடிக்கவே இல்லை. அது எனக்குத் தெரிந்தது. "மரவள்ளி இலை. நஞ்சு" என்றேன். மாடு செத்த காரணம் எழுதும் கடதாசியிலும் அப்படியே எழுதினேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். மச்சாள் வாயில் கை வைத்தபடி நின்றார். ஒரே கிணற்றில் அள்ளிய இரண்டு வீடுகளுக்கும் நடுவே அடுத்த மாதம் வேலி எழுந்தது. கடமைக்குப் போகும் போதெல்லாம் அந்த வேலியைப் பார்த்தேன். மூன்று வருடம் பார்த்தேன்.

இடமாற்றம் வந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இனி இந்த ஊர் முகங்களில் விழிக்கவேண்டியதில்லை என்ற துணிவு. அதையும் மறைக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் கேட்ட அக்கா ஏசவில்லை. "வாங்க. அவளுக்கு முன்னால சொல்லுங்க" என்று வேலியைச் சுற்றி அழைத்துப் போனார்.

சொன்னேன். மச்சாள் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவையே பார்த்தார்.

"அவர் ஆரோ வெளியாள். அவர் சொன்னது கிடக்கட்டும். நீ எப்படிக்கா நம்பின?"

மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்த என்னிடம் அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. இரண்டு பெண்களையும் அந்த முற்றத்தில் அப்படியே நிற்கவிட்டுத் தோணித்துறைக்கு நடந்தேன்.